ஈச்சிலம்பற்று வயலில் எரிநட்சத்திரம் பார்க்கப் போனோம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பயணம் போய் வந்து எழுதுகிறவர்கள் நிறையப் படித்தவர்களாகவும் பல ஊர் பார்த்தவர்களாகவும் இருப்பார்கள். நான் மண்டபத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தையல் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே ஐம்பது வயது தாண்டிவிட்டது. கூட்டத்தில் யாராவது என் பெயரைக் கேட்டாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். ஜெனிற்றா சொல்லியிருக்காவிட்டால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். நீங்கள் பார்த்ததை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் டீச்சர். டீச்சர் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

ஜெனிற்றாவின் அப்பா மரியதாஸ். மண்டபம் அகதி முகாமில் பல வருடம் இருந்தவர். என் வீட்டுக்காரரின் சைக்கிள் கடையில் வேலை செய்தார். காலையில் வந்து, மாலையில் முகாமில் ஆள் கணக்கு எடுப்பதற்குள் ஓடிப்போய்விடுவார். சண்டை முடிந்தபின் குடும்பத்தோடு ஊர் திரும்பி, திருகோணமலைக்குத் தெற்கே ஈச்சிலம்பற்றில் வயல் செய்கிறார். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் வரும். இந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு போன் வந்தது. புது வீடு கட்டி முடித்துவிட்டாராம், ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கப்போகிறாராம், அண்ணனும் அண்ணியும் இல்லாமல் கதவு திறக்கமாட்டாராம். ஆடியில் யாராவது வீடு குடிபோவார்களா என்று எனக்கு முதலில் யோசனை. பிறகுதான் அவர்கள் வேதக்காரர்கள், அவர்களுக்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை என்று ஞாபகம் வந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு வருடமாக மறதி. சாவி, கண்ணாடி என்று தொடங்கியது, தெருப் பெயரில் வந்து நின்றது. மதுரையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கூடிக்கொண்டுதான் போகும், வெளியில் தனியாக விடாதீர்கள் என்றார். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் முழுதாகச் சொல்லவில்லை. மரியதாஸைப் பார்ப்பதென்றால் இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் கிளம்பினோம். போன மனுசனை முழுதாகக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும், அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. பயணம் முழுக்க என் மனதில் இருந்தது இந்த இரண்டுதான்.

கொழும்பிலிருந்து வந்த பஸ் விடியும் நேரத்தில் திருகோணமலையில் இறக்கிவிட்டது. பஸ் நிலையத்தில் மான்கள் நின்றன. எங்கள் ஊரில் ஆடு நிற்பதுபோல அவை பாட்டுக்கு நின்று வாழைப்பழத் தோல் தின்றன. அவர் குழந்தைபோல ஒரு மானின் பின்னாலேயே போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். ஆட்டோக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அதுகள் ஓடாது ஐயா. எங்களுக்கு முந்தியே டவுனுக்குக் குடிவந்ததுகள்" என்றார்.

ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பாணும் பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. ரொட்டியைத்தான் அங்கே பாண் என்கிறார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் அதை வாங்குவோம். இங்கே கடை நிறைய ஆட்கள் அதை அரை ராத்தலும் கால் ராத்தலுமாக வாங்கிச் சம்பலில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கும் காய்ச்சல் இருந்த மாதிரித் தெரியவில்லை. பாலில்லாத டீ குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. காசு கொடுக்கும்போது அவர் கடைக்காரரிடம், மண்டபம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். இவர் இப்படித்தான் விளையாடுவார் என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டிவந்தேன். 

ஈச்சிலம்பற்று பஸ் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு வளைவில் கடல் தெரியும், அடுத்த வளைவில் மறைந்துவிடும், பிறகு எதிர்பாராத பக்கத்தில் திரும்ப வரும். தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. கிண்ணியாவில் கடல்மேல் நீளமான பாலம். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே அந்தக் காற்று பிடித்திருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலிருந்த பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். பள்ளிவாசல், பல்பொருள் வாணிபம், பற்சிகிச்சை. முன்சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் தடுக்கவில்லை. அவர் படித்துக்கொண்டிருக்கும்வரை பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

மூதூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினால் சீட்டில் அவர் இல்லை. பை மட்டும் இருந்தது. எதிர்ப்பக்கம் திருகோணமலைக்குத் திரும்பிப் போகும் பஸ், அதுவும் சிவப்பு நிறம், உறுமிக்கொண்டு நின்றது. எனக்குக் கூப்பிடவும் வரவில்லை, ஓடவும் வரவில்லை. பின்சீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா, மடியில் மீன் கூடையோடு இருந்தவர், எழுந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "உங்கட மனுசன் அந்தா அந்த பஸ்ஸில ஏறிட்டார் புள்ள, ஓடுங்க" என்றார். நான் இறங்கி ஓடுவதற்குள் அவரே எங்கள் கண்டக்டரைச் சத்தம்போட்டு நிறுத்திவைத்தார்.

அவரை இறக்கிக் கூட்டிவந்து உட்காரவைத்தபின், அந்த அம்மா முன்னால் சாய்ந்து என் காதருகே பேசினார். "வெக்கப்படாம கையப் புடிச்சிக்குங்க. ஆரு பாத்தா என்ன."

எனக்கு அது முடியவில்லை. இத்தனை வருடத்தில் வெளியிடத்தில் அவர் கையை நான் பிடித்ததில்லை. அதனால் அவர் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை என் முந்தானையோடு முடிந்துவைத்தேன். மடித்துவிட்டால் வெளியே தெரியாது. இறங்கும்போது அவிழ்த்துவிடுவேன், உட்காரும்போது முடிந்துகொள்வேன்.

மரியதாஸ் சந்தியிலேயே காத்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்து, கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தது. ஓடிவந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இவர் அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டி, "நல்லா இருக்கீகளா சார்?" என்றார்.

மரியதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களே அண்ணி, சார் எண்டுறார். கடையில இருந்த காலத்திலயே இவருக்கு என்னில நக்கல். பஞ்சர் ஒட்டுறது பிந்தினா, 'வாங்க சார், இப்பத்தான் எழும்பினீங்களா' எண்டு கேக்கிறவர்."

அது உண்மைதான், அப்படிக் கேட்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை மரியதாஸ் தானும் இவரைச் சார் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் கர்த்தருக்கும் முருகனுக்கும் ஒன்றாக நன்றி சொன்னேன்.

மறுநாள் வீட்டு ஆசீர்வாதம். ஃபாதர் வந்து ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளித்தார். குசினி என்கிற சமையலறைக்கு இரண்டாவது தடவையும் தெளிக்கச் சொன்னார் மரியதாஸின் மனைவி, அங்கேதான் சண்டை வருகிறதாம். மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சியும், கடைசியில் எருமைத் தயிரும் பாணி என்கிற இனிப்புப் பாகும். தயிரை, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத மாதிரி உறையவைக்கிறார்கள். அவர் முற்றத்தில் நின்ற பழைய சைக்கிளைத் திருப்பிப் போட்டு, செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் பக்கத்தில் இருந்தால் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. நானும் கொஞ்சம் கண்ணை மூடினேன்.

சாயங்காலம் ஜெனிற்றா வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வருடா வருடம் இந்த நாட்களில் எரிநட்சத்திரம் நிறைய விழுமாம். ஒரு வால்வெள்ளி விட்டுப்போன தூசிக்குள் பூமி புகுந்து போகிறதாம். போன வருடம் நிலவு கெடுத்துவிட்டது, இந்த வருடம் அமாவாசை, விட்டால் இப்படி ஒரு இருட்டு கிடைக்காது என்றாள். மரியதாஸின் கூட்டாளி சின்னராசாவின் வயல் அறுத்துக் கிடக்கிறது, பாய் கொண்டுபோய்ப் போட்டுப் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

எனக்கு உடனே என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. எரிநட்சத்திரம் கண்ணில் பட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் என்பார். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்துவாராம். நான் இதை ஜெனிற்றாவிடம் சொன்னேன். "அது வெறும் தூசி எரியிறது மாமி. தூசிக்கு உங்கட ஞாபகத்தில என்ன கோவம்?" என்று சிரித்தாள். மரியதாஸ், இங்கேயும் பழைய ஆட்கள் அப்படி ஏதோ சொல்வதுண்டு என்றார்.

நாங்கள் வரவில்லை, அவருக்குக் குளிர் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சைக்கிளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்க மரம் இருக்குமா?" என்றார்.

"மரம் நிண்டா வானத்தை மறைச்சுப்போடும் மாமா. வெட்ட வெளியாத்தான் இருக்கோணும்" என்றாள் ஜெனிற்றா.

அவர் செயின் பிடித்த கையைத் துடைத்துக்கொண்டார். போவோம் என்று மட்டும் சொன்னார்.

நடுச்சாமத்துக்குப் பிறகு கிளம்பினோம். லான்ட்மாஸ்டர் என்று ஒரு சின்ன டிராக்டர், பின்னால் பெட்டி. அதில் நான், அவர், ஜெனிற்றா, மரியதாஸ். ஓட்டியவர் வயலுக்குச் சொந்தக்காரர் சின்னராசா. பாதி வழியில் பெட்டியின் கொக்கி கழன்று, லான்ட்மாஸ்டர் முன்னால் போய்விட்டது, நாங்கள் ரோட்டிலேயே நின்றுவிட்டோம். சின்னராசா தனியாகக் கொஞ்ச தூரம் பாட்டுப் பாடிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். இறங்கிவிட்டீர்களாக்கும் என்று நினைத்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வயலில் இறங்கியதும் சின்னராசா மடியிலிருந்து ஒரு பெரிய வெடியை எடுத்துக் காட்டினார். யானை வெடியாம். முந்தாநாள் ஒற்றை யானை ஒன்று வந்து வைக்கோலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனதாம். "பயப்பிடாதீங்க அக்கா. அது மரியதாஸைக் கண்டா தன்ர பாட்டில போயிரும். கேம்பில இருந்த ஆள், வயல் வேலை தெரியாது, இவனிட்ட திங்க ஒண்டும் இராதெண்டு அதுக்கும் தெரியும்" என்றார். மரியதாஸ் பதிலுக்கு ஏதோ சொல்ல, இருவரும் மாறி மாறிக் கேலி செய்துகொண்டே பாயை விரித்தார்கள்.

ஜெனிற்றா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெளிச்சம் கூடாது. போனையெல்லாம் பைக்குள் போட வேண்டும். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், ஒருவர் ஒரு தடவை போனைத் திறந்தாலும் எல்லோருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. மண்டபத்தில் எங்கே படுத்தாலும் ஒரு பக்கம் கலங்கரை விளக்கு, ஒரு பக்கம் ரோட்டு விளக்கு. இங்கே என் கையையே எனக்குத் தெரியவில்லை. வானத்தில் மட்டும் இடமில்லாமல் நட்சத்திரம். அறுத்த நெல் தாள் பாய்க்குக் கீழே முதுகில் குத்தியது. அவர் எனக்கு இடப்பக்கம். மூச்சு கேட்டது.

முதலாவது வடக்கே கீழிருந்து எழும்பி வந்தது. நான் விழும் என்று நினைத்திருந்தேன், அது ஏறியது. கோடு கிழித்துவிட்டு அணைந்தது. அடுத்தது கொஞ்ச நேரம் கழித்து. பிறகு அடுத்தடுத்து இரண்டு. ஜெனிற்றா ஒவ்வொன்றுக்கும் மெதுவாக, அந்தா, அந்தா என்றாள். பிறகு ஒன்று வந்தது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பச்சையும் வெள்ளையுமாகத் தலைக்கு நேர் மேலே போனது. வயல் வரம்பு, வைக்கோல் போர், மரியதாஸின் வெள்ளைத் தலை, எல்லாம் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. போன வழியில் புகைபோல ஒரு தடம் நின்றது. அது கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் அவரை நினைக்கவில்லை.

பிறகு முந்தானையை இழுத்துப் பார்த்தேன். இலகுவாக வந்தது. துண்டு முடிச்சோடு என் கையில் இருந்தது. பாயின் இடப்பக்கம் வெறுமை.

ஒதுங்கப் போயிருப்பார் என்று முதலில் நினைத்தேன். காத்திருந்தேன். ஜெனிற்றா ஏதோ நட்சத்திரத்தின் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நான் வெளிச்சம் கேட்டால் எல்லோருக்கும் கெட்டுவிடும், ஏன் என்று கேட்பார்கள், என்ன சொல்வது. இப்படி யோசித்துக்கொண்டே கிடந்தேன். காது முழுக்க அவர் காலடிக்காகத் திறந்திருந்தது. தவளைச் சத்தம்தான் வந்தது. அந்த ஒற்றை யானை ஞாபகம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, அவரக் காணோம்" என்றேன்.

மரியதாஸ், சார் எங்காவது ஒளிந்து நின்று விளையாடுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

"இல்லண்ணே. அவருக்கு மறதி நோய். டாக்டர் சொல்லிட்டாரு. தனியா விடக்கூடாது."

முதலில் வெளிச்சம் போட்டது ஜெனிற்றாதான். பிறகு எல்லாப் போனும் டார்ச்சும் எரிந்தன. அறுத்த வயல் நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கிடந்தது. சின்னராசா கூப்பிட்டுப் பார்த்தார், மரியதாஸ் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார். குரல் போய்த் திரும்பவில்லை. ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிவோம் என்றார் சின்னராசா. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அவர் போயிருக்கலாம். நான் வரம்பில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர் சாயங்காலம் கேட்டது மனதில் பட்டது. அங்க மரம் இருக்குமா.

"இங்க பக்கத்துல பச்ச மரம் எங்க நிக்குது?" என்று கேட்டேன். எனக்கே என் சத்தம் பெரிதாக இருந்தது.

சின்னராசா யோசித்தார். "மரமோ? குளக்கட்டடியில ஒரு மருதமரம் நிக்குது. வேற இல்ல." பிறகு குரலை இறக்கி, "அது ஆனை வாற வழி" என்றார்.

வெடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு வரம்பில் நான் விழுந்தேன். ஜெனிற்றா என்னைத் தூக்கிவிட்டு, கையை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். மரம் முதலில் நட்சத்திரமில்லாத ஒரு கறுப்பு இடமாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனதும் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் அடிமரத்தில் ஒரு கையை ஊன்றி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். காலில் செருப்பில்லை.

"வந்துட்டியா" என்றார் என்னைப் பார்த்து. "லைட்ட மேல அடி. பச்சையே தெரிய மாட்டேங்குது."

நான் அடிக்காமல் நின்றேன்.

"அத்தன விழுந்துருச்சு. எல்லாத்தையும் பார்த்துட்டேன். மரத்தப் பாக்கலேன்னா இருக்கிறதும் போயிருமே. அடி."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவரிடமிருந்து மறைத்த மாதிரியே அவரும் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

போனை மேலே திருப்பி வெளிச்சம் அடித்தேன். அது சின்ன வெளிச்சம், தாழ்ந்த கிளை ஒன்றுதான் தெரிந்தது. அப்போது பக்கத்தில் ஜெனிற்றாவின் வெளிச்சமும் மேலே போனது. பிறகு மரியதாஸின் டார்ச், சின்னராசாவின் டார்ச். இலைகளெல்லாம் பச்சையாக எழுந்து நின்றன. காற்றில் அசைந்தன. அவர் ஒரு கிளையையும் விடாமல் பார்த்தார். நீங்களும் பாருங்கள் என்று எங்களுக்குக் கையால் காட்டினார். எல்லோரும் பார்த்தோம். தூசிக்கு என்ன கோபம் என்று கேட்ட ஜெனிற்றாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

போதும் என்று அவர் சொன்னபின்தான் வெளிச்சத்தை இறக்கினோம். அவர் மரியதாஸின் பக்கம் திரும்பி, தோளில் இல்லாத துண்டைத் தேடிச் சரிசெய்தார்.

"உங்களுக்கும் சிரமம் கொடுத்துட்டோம் சார்" என்றார்.

இரண்டு நாளாக அந்தச் சொல்லுக்குச் சிரித்துக்கொண்டிருந்த மரியதாஸ் இப்போது சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்தார்.

"அதுக்கென்ன சார். வாங்க, வீட்ட போவம்" என்றார்.

திரும்பும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். எங்களுக்குப் பின்னால் வடக்கே இன்னும் விழுந்துகொண்டிருந்தது என்று ஜெனிற்றா சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மரியதாஸ் பழைய சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, பிரேக் பிடிக்கவில்லை சார் என்றார். இவர் பிரேக் கட்டையை மாற்றிக் கொடுத்தார். மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுத் திருகோணமலை பஸ் ஏறினோம். மூதூரில் பஸ் நின்றபோது நாங்கள் இறங்கவில்லை.